ஹார்ட் ஃபெயிலியருக்கு ஸ்டெம் செல்: புது ரத்தக்குழாய் உண்மையிலேயே முளைக்கிறதா?

நாடித்துடிப்பு:

பழைய மாரடைப்பு. ஈஎஃப் (ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளித்தள்ளும் ரத்தத்தின் சதவீதம்) 28. இதயத்தின் முன்சுவர் மெலிந்து தழும்பாகிவிட்டது. ஆஞ்சியோவில் மூன்று குழாய்களிலும் பரவலான அடைப்பு, பைபாஸ் ஒட்டுவதற்கு நல்ல இடமில்லை என்று சர்ஜன் கைவிரித்துவிட்டார். இந்த நிலையில் இருப்பவர்களின் வீட்டாரிடம் அடிக்கடி சொல்லப்படும் வாசகம் இது: "இடுப்பெலும்பில் மஜ்ஜை எடுப்போம், அன்றைக்கே ஸ்டெம் செல் பிரித்து இதயத்துக்குள் செலுத்துவோம், புது ரத்தக்குழாய் வளரும், பம்பிங் கூடும்."

இதில் எவ்வளவு உண்மை? செலுத்திய செல் ரத்தக்குழாயாக மாறுகிறதா, அல்லது வேறு வழியில் உதவுகிறதா? எவ்வளவு செல், எந்த வழியாக, எங்கே தவறு நடக்கிறது? ஜெர்மனியில் பலித்தது நார்வேயில் பலிக்கவில்லை என்கிறார்களே, ஏன்? பொதுவாகச் சொல்லாமல் எண்ணும் அளவுமாகச் சொன்னால் உதவும்.

---

மஜ்ஜை:

முதலில் "மாறுகிறதா" என்ற கேள்வி. மாறுவதில்லை. 2001ல் எலிகளில் மஜ்ஜை செல்கள் இதயத் தசையாக மாறியதாக வெளிவந்த ஆய்வுதான் இந்தத் துறைக்கே தீ மூட்டியது. 2004ல் இரண்டு குழுக்கள் தனித்தனியாக மரபணு அடையாளம் வைத்துப் பின்தொடர்ந்து பார்த்தன. மஜ்ஜை செல்கள் ரத்த செல்களாகவே இருந்தன, தசையாகவில்லை. இதயத்திலேயே ஸ்டெம் செல் இருக்கிறது என்று சொல்லிவந்த பியரோ அன்வெர்சாவின் ஆய்வகத்திலிருந்து வந்த 31 கட்டுரைகளைத் திரும்பப் பெற வேண்டும் என்று ஹார்வர்டும் பிரிகாம் மருத்துவமனையும் 2018ல் சொல்லிவிட்டன. ஆக, "செத்த தசைக்குப் பதில் புதுத் தசை" என்ற வாக்குறுதிக்கு மஜ்ஜை செல்களைப் பொறுத்தவரை ஆதாரம் இல்லை.

ரத்தக்குழாய் விஷயம் இன்னும் கொஞ்சம் நுட்பமானது. ரத்தத்திலேயே குழாயின் உட்சுவராகக்கூடிய செல்கள் சுற்றுகின்றன என்று ஆசாஹாரா குழு 1997ல் சொன்னது. மேற்பரப்பில் சிடி34 என்ற அடையாளப் புரதம் உள்ள அந்தச் செல்கள் புதுக்குழாயாகத் தாமே படிவதைவிட, விஇஜிஎஃப், எச்ஜிஎஃப் போன்ற வளர்ச்சிப் புரதங்களைச் சுரந்து பக்கத்தில் உள்ள குழாய்ச் செல்களைக் கிளைவிடத் தூண்டுகின்றன. மஜ்ஜையின் தாங்குதிசுவில் இருக்கும் இன்னொரு வகை ஸ்டெம் செல்லான மெசன்கைமல் செல்களும் அப்படித்தான். சில நாள்களிலிருந்து சில வாரங்களுக்குள் அநேகமாக எல்லாம் மறைந்துவிடுகின்றன. அவை சொல்லிவிட்டுப் போகும் சேதிதான் வேலை செய்கிறது.

அந்தச் சேதியும் முழுக்கக் குழாய் வளர்ப்புச் சேதியா என்பதில் 2020ல் மோல்கென்டின் குழு பெரிய சந்தேகத்தைக் கிளப்பியது. எலியின் இதயத்தில் உயிருள்ள செல்லைப் போட்டாலும், உறைய வைத்துக் கொன்ற செல்லைப் போட்டாலும், செல்லே இல்லாமல் அழற்சியைத் தூண்டும் சைமோசானைப் போட்டாலும் ஒரே மாதிரி முன்னேற்றம். காரணம், அங்கே வந்து குவிந்த மாக்ரோஃபேஜ்கள் (சிதைவைத் தின்று அகற்றும் வெள்ளணுக்கள்) தழும்பின் தன்மையை மாற்றியதுதான்.

உங்கள் உதாரணத்துக்கு முக்கியமான இடம் இது: தூண்டுதலால் கிளைப்பது நுண்குழாய்கள், அதாவது தந்துகிகள். 2 மில்லிமீட்டர் தமனி ஒன்று புதிதாக வளராது. மதகு அடைத்துக் கிடக்கும்போது வயலுக்குள் வாய்க்கால் வெட்டி என்ன பயன்? பெரிய குழாயிலிருந்து வரத்து இருந்து, பக்கக்குழாய்கள் ஓரளவு திறந்து, தசை செத்துப்போகாமல் உறங்கிக்கொண்டிருக்கும் இடத்தில்தான் நுண்குழாய் பெருகினால் பலன் எதிர்பார்க்க முடியும். எம்ஆர்ஐயில் சுவரின் தடிமனில் பாதிக்கு மேல் தழும்பாகத் தெரிந்தால் அந்தப் பகுதி திரும்ப இயங்குவது அரிது.

இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். 2022ல் வந்த ரிவைவ்டு ஆய்வில் ஈஎஃப் 35 அல்லது அதற்குக் கீழே உள்ள 700 பேரை எடுத்து, உயிருள்ள தசை இருப்பதை உறுதிசெய்துகொண்டு, பாதிப் பேருக்கு ஸ்டென்ட் வைத்துப் பெரிய குழாயையே திறந்தார்கள். இறப்பிலோ ஹார்ட் ஃபெயிலியர் அட்மிஷனிலோ, மருந்து மட்டும் எடுத்தவர்களோடு ஒப்பிட்டால் வித்தியாசம் இல்லை. பெரிய குழாய் திறந்தே இவ்வளவுதான் என்றால், நுண்குழாய் பெருகினாலே பம்பிங் கூடிவிடும் என்று உறுதிசொல்வது நேர்மையல்ல.

---

கேத்லேப்காரர்:

செல்லை உள்ளே கொண்டுசேர்க்கும் வழி பற்றிச் சொல்கிறேன். பாதி ஆய்வுகள் வழுக்கி விழுந்த இடம் இதுதான்.

முதல் வழி, கரோனரி குழாய்க்குள் செலுத்துவது. பிராங்பர்ட் குழுவின் ரிப்பேர்-ஏஎம்ஐ ஆய்வில் செய்த முறை: மாரடைப்புக்கு ஸ்டென்ட் வைத்த 3 முதல் 7 நாளுக்குள், அதே ஸ்டென்ட் இருக்கும் இடத்தில் பலூனைக் குறைந்த அழுத்தத்தில் ஊதி ஓட்டத்தை நிறுத்தி, பலூனின் நடுத்துளை வழியாக 3.3 மில்லி செல் கரைசல். 3 நிமிடம் அடைப்பு, பிறகு பலூனைத் தளர்த்தி ஓட்டம் விடுவது, மறுபடி அதே. மூன்று தடவையில் மொத்தம் 10 மில்லி.

இதில் சிக்கல், செல் தங்குவதில்லை. ஹனோவர் குழு 2005ல் செல்களுக்குக் கதிரியக்க அடையாளம் இட்டுப் பார்த்தது. ஒரு மணி நேரம் கழித்து, பிரிக்காத மஜ்ஜை செல்களில் 1.3 முதல் 2.6 சதவீதம்தான் இதயத்தில் இருந்தது. மிச்சத்தில் பெரும்பகுதி கல்லீரலிலும் மண்ணீரலிலும். சிடி34 செறிவூட்டிய செல்கள் மட்டும் 14 முதல் 39 சதவீதம் தங்கின.

வளர்த்தெடுத்த மெசன்கைமல் செல்லை இந்த வழியில் விடுவதில் வேறு ஆபத்து. அதன் விட்டம் 15 மைக்ரானுக்கு மேல், தந்துகியின் உள்விட்டம் 10 மைக்ரானுக்குள். 2004ல் நாய்களில் செய்து பார்த்தபோது நுண்குழாய்கள் அடைபட்டுச் சின்னச் சின்ன மாரடைப்புத் திட்டுகள் உண்டாயின. ரத்தக்குழாயைச் சரிசெய்யப் போய் ரத்தக்குழாயையே அடைப்பது!

பழைய மாரடைப்பும் பரவலான அடைப்பும் உள்ளவருக்கு ஆய்வுகளில் அதிகம் எடுக்கப்பட்டது இரண்டாவது வழி: இடது வென்ட்ரிக்கிளுக்குள் (இதயத்தின் பெரிய பம்ப் அறை) போய், உட்சுவரிலிருந்து தசைக்குள் ஊசி போடுவது. நடைமுறை ஏறக்குறைய இப்படிப் போகும்.

தொடைத் தமனியில் 8 பிரெஞ்சு அளவு ஷீத் (கதீட்டர் நுழையும் குழல்), ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் கொடுத்து ஏசிடி (ரத்தம் உறைய ஆகும் நேரம்) 250 நொடிக்கு மேல். கதீட்டரை அயோர்ட்டிக் வால்வு வழியாகப் பின்னோக்கி இடது வென்ட்ரிக்கிளுக்குள் கொண்டுபோய், நோகா மாதிரியான மேப்பிங்கில் உட்சுவரைப் புள்ளிபுள்ளியாகத் தொட்டு மின்னழுத்த வரைபடம் எடுக்க வேண்டும். ஃபோகஸ் ஆய்வில் 6.9 மில்லிவோல்ட்டும் அதற்கு மேலும் வந்த இடத்தையே உயிருள்ள தசை என்று எடுத்தார்கள். ஊசி போடும் இடத்தில் சுவர் தடிமன் குறைந்தது 8 மில்லிமீட்டர். ஒரு இடத்துக்கு 0.2 மில்லி, 15 இடம், ஆக 3 மில்லியில் 10 கோடி மஜ்ஜை செல்கள்.

ஊசி 27 கேஜ். உடம்புக்குள் போகும் முன், கதீட்டர் நுனியை நேராக வைத்தும் 90 டிகிரி வளைத்தும் ஊசி எவ்வளவு நீள்கிறது என்று வெளியிலேயே சரிபார்க்க வேண்டும். வளைவில் நீளம் மாறும். இதை விட்டால் மெல்லிய சுவரில் ஊசி மறுபக்கம் வந்துவிடும். நுனி சுவருக்குச் செங்குத்தாக, அசையாமல் உட்கார வேண்டும். ஊசி தசைக்குள் இறங்கியதும் மானிட்டரில் ஒரு விபிசி (முந்திவரும் கூடுதல் துடிப்பு) விழும், தசைக்குள் போயிருக்கிறோம் என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி. அரை நிமிடமாவது எடுத்து மெதுவாகத் தள்ளி, சில நொடி பொறுத்துத்தான் ஊசியை இழுக்க வேண்டும். வேகமாகத் தள்ளினால் ஊசி போன தடத்திலேயே கரைசல் பீறிட்டு வெளியே வந்துவிடும்.

தவறினால் நடப்பவை: சுவர் துளைபட்டு இதயத்தைச் சுற்றி ரத்தம் தேங்குதல், வென்ட்ரிக்குலர் டாக்கிகார்டியா (ஆபத்தான வேகத் துடிப்பு), பக்கவாதம், தொடையில் ரத்தக்கட்டு. ஊசி முடிந்ததும் மேசையிலேயே எக்கோ, பிறகு ஒரு நாளாவது மானிட்டர். வென்ட்ரிக்கிளுக்குள் ரத்த உறைவு இருந்தால், உலோக அயோர்ட்டிக் வால்வு இருந்தால், வால்வு கடுமையாகச் சுருங்கியிருந்தால் இந்த வழி கிடையாது.

முக்கியமான இன்னொன்று: உங்கள் உதாரண நோயாளியின் மெலிந்த முன்சுவரில் ஊசி போடவே முடியாது. ஓரத்தில், தழும்பும் நல்ல தசையும் சேரும் எல்லையில்தான் போட முடியும். "செத்த இடத்திலேயே செல்லை வைப்போம்" என்று யாராவது சொன்னால், சுவர் தடிமன் எத்தனை மில்லிமீட்டர் என்று கேளுங்கள்.

---

நாடித்துடிப்பு:

நன்றி. ஜெர்மனி, நார்வே விஷயம் இன்னும் புரியவில்லை. இரண்டும் மஜ்ஜை, இரண்டும் கரோனரி வழி, இரண்டும் மாரடைப்பு வந்த சில நாளில். முடிவு மட்டும் ஏன் மாறுகிறது?

---

செல்லறை:

நோயாளி அதே மாதிரி, குழாய் அதே மாதிரி. வேறுபட்டது செல்லைத் தயாரித்த அறை.

இரண்டு இடத்திலும் சுமார் 50 மில்லி மஜ்ஜை, அடர்த்திக் கரைசலின் மேல் மெதுவாக ஊற்றி மையவிலக்கியில் சுழற்றி, நடுவில் படியும் வெண்மையான படலத்தை எடுத்துக் கழுவுவது. பிறகுதான் பாதை பிரிகிறது. பிராங்பர்ட்டில் செல்களை வளர்ப்பு ஊடகத்தில், நோயாளியின் சொந்த சீரம் சேர்த்து வைத்தார்கள். ஆஸ்லோவின் அஸ்டாமி ஆய்வில் உப்புநீரில், ஹெப்பாரின் கலந்த பிளாஸ்மாவுடன் இரவு முழுக்க வைத்தார்கள். 2007ல் ஒரே ஆளின் மஜ்ஜையை இரண்டு முறையிலும் தயாரித்து ஒப்பிட்டபோது, ஆஸ்லோ முறையில் கிடைத்த செல்களின் எண்ணிக்கையும் குறைவு, காலனி உண்டாக்கும் திறனும் குறைவு, நகரும் திறனும் குறைவு. எலியின் கட்டப்பட்ட காலில் ரத்த ஓட்டத்தை மீட்கும் திறனும் மட்டம். உயிரோடு இருக்கிறதா என்று சாயம் போட்டுப் பார்க்கும் சோதனையில் மட்டும் எல்லாம் நன்றாகத்தான் தெரியும். அதனால்தான் "95 சதவீதம் உயிருள்ள செல்" என்ற ஒற்றை வரிச் சான்றிதழ் போதாது.

ஹெப்பாரின் ஏன் கெடுக்கிறது? அடிபட்ட திசு எஸ்டிஎஃப்-1 என்ற புரதத்தை வெளிவிட்டு அழைக்கிறது. செல்லின் மேல் உள்ள சிஎக்ஸ்சிஆர்4 ஏற்பி அந்த அழைப்பைக் கேட்டு வருகிறது. ஹெப்பாரின் நடுவில் புகுந்து அந்த உரையாடலையே முறித்துவிடுகிறது. மஜ்ஜை உறையாமல் இருக்க சிரிஞ்சில் ஹெப்பாரின் தேவை. ஆனால் கடைசிக் கழுவலில் அது போயாக வேண்டும். அடுத்த எதிரி சிவப்பணு. இறுதிக் கரைசலில் சிவப்பணு கலப்பு அதிகமாக இருந்தவர்களுக்கு ஈஎஃப் முன்னேற்றம் குறைவு என்று ரிப்பேர்-ஏஎம்ஐ தரவிலேயே பின்னால் தெரிந்தது. கரைசல் இளஞ்சிவப்பாக இருந்தாலே நெற்றி சுருங்க வேண்டும்.

மஜ்ஜை எடுக்கும் கையும் முக்கியம். ஒரே துளையில் 50 மில்லியை இழுத்தால் முதல் சில மில்லிக்குப் பிறகு வருவது பெரும்பாலும் சாதாரண ரத்தம். ஊசியின் திசையையும் ஆழத்தையும் மாற்றி மாற்றிச் சின்னச் சின்ன அளவாக இழுக்க வேண்டும்.

இப்போது "அன்றைக்கே ஸ்டெம் செல்" என்ற வாசகத்துக்கு வருவோம். மையவிலக்கியில் கிடைப்பது ஒற்றைக்கரு செல்களின் கலவை: லிம்ஃபோசைட், மோனோசைட், இன்னும் பல. அதில் சிடி34 செல் 1 முதல் 3 சதவீதம். மெசன்கைமல் செல் ஒரு லட்சத்துக்கு 1 முதல் 10. அதாவது 10 கோடி செல் கொடுத்தால் அதில் மெசன்கைமல் 1,000 முதல் 10,000 வரைதான். கோடிக்கணக்கில் மெசன்கைமல் வேண்டுமென்றால் ஆய்வகத்தில் வாரக்கணக்கில் வளர்த்தாக வேண்டும். அப்படி வளர்த்ததற்கு சிடி73, சிடி90, சிடி105 இருக்கிறது, சிடி45, சிடி34 இல்லை என்ற அறிக்கை வேண்டும். கூடவே கிருமி, மைக்கோபிளாஸ்மா, எண்டோடாக்சின் சோதனைகள். காலையில் எடுத்து மாலையில் கோடி ஸ்டெம் செல் என்பது கணக்குக்கே ஒத்துவராது.

---

அளவுகோல்:

முடிவுகளைப் படிக்கும்போது ஈஎஃப்பை மட்டும் நம்பாதீர்கள். ஒரே ஆளுக்கு ஒரே வாரத்தில் இரண்டு பேர் எக்கோ பார்த்தாலே 5 புள்ளி வித்தியாசம் சாதாரணம். ரிப்பேர்-ஏஎம்ஐ ஆய்வின் மொத்த ஆதாயமே செல் போட்டவர்களுக்கு 5.5 புள்ளி, போலிக் கரைசல் போட்டவர்களுக்கு 3 புள்ளி. இடைவெளி இரண்டரை. ஹனோவரின் பூஸ்ட் ஆய்வில் 6 மாதத்தில் செல் குழுவில் 6.7 புள்ளி, மற்ற குழுவில் 0.7 என்று பளிச்சென்று தெரிந்தது, 18 மாதத்தில் அந்த வித்தியாசம் நிற்கவில்லை.

2014ல் ஒரு குழு 49 ஆய்வுகளின் 133 அறிக்கைகளை வரிவரியாகப் படித்து 604 முரண்பாடுகளைப் பட்டியலிட்டது. கூட்டல் தவறு, ஆள் எண்ணிக்கை மாறுவது, குலுக்கல் முறை என்று சொல்லிவிட்டு அப்படிச் செய்யாதது. முரண்பாடு கூடக்கூட ஈஎஃப் ஆதாயமும் கூடியது. முரண்பாடே இல்லாத 5 ஆய்வுகளில் ஆதாயம் மைனஸ் 0.4. இந்தத் துறைக்குள் வரும் எவரும் முதலில் படிக்க வேண்டியது இதைத்தான் என்பேன்.

உயிர் பிழைப்பைப் பார்க்க வந்த பாமி ஆய்வுக்கு 3,000 பேர் தேவைப்பட்டது, சேர்ந்தது 375. இரண்டு ஆண்டில் இறப்பு செல் குழுவில் 3.26, மற்ற குழுவில் 3.82 சதவீதம். எதையும் நிரூபிக்க முடியவில்லை. நாள்பட்ட ஹார்ட் ஃபெயிலியரில் கேத்லேப்காரர் சொன்ன ஃபோகஸ், 92 பேர், 2012: இதயத்தின் கொள்ளளவு, ஆக்சிஜன் பயன்பாடு, ரத்த ஓட்டக் குறை என எடுத்துக்கொண்ட மூன்றிலும் முன்னேற்றம் இல்லை.

இதுவரை நடந்ததில் பெரியது வட அமெரிக்காவின் ட்ரீம்-எச்எஃப், 2023ல் வெளிவந்தது. ஆரோக்கியமான வேறொருவரின் மஜ்ஜையிலிருந்து வளர்த்த மெசன்கைமல் முன்னோடி செல்கள், 15 கோடி, ஒரே தடவை, உட்சுவர் ஊசி வழியாக. சிகிச்சை பெற்றவர்கள் 537 பேர், பாதிப் பேருக்குப் போலிச் சிகிச்சை. முதன்மை இலக்கு, திரும்பத் திரும்ப ஹார்ட் ஃபெயிலியருக்காக அட்மிட் ஆவதைக் குறைப்பது. அது குறையவில்லை. அந்த வரியைத் தாண்டி அடுத்த வரிக்குப் போகக் கூடாது.

அடுத்த வரி கவனிக்கத்தக்கதுதான். மாரடைப்போ பக்கவாதமோ வருவது 58 சதவீதம் குறைந்தது. எச்எஸ்-சிஆர்பி என்ற ரத்தச் சோதனையில் 2 அல்லது அதற்கு மேல் உள்ளவர்களில், அதாவது உடலில் அழற்சி புகைந்துகொண்டிருப்பவர்களில், 75 சதவீதம் குறைந்தது. மஜ்ஜை என்ற பெயரில் எழுதியவர் சொன்ன மாக்ரோஃபேஜ் கதையைப் போல இங்கேயும் அழற்சிதான் மையம்: செல் செய்வது அழற்சியை அடக்கி ரத்தக்குழாயின் உட்சுவரைக் காப்பது என்றால், பலன் பம்பிங் எண்ணில் தெரியாமல் குழாய் அடைப்புச் சம்பவங்களில்தான் தெரியும். ஆனால் முதன்மை இலக்கில் தோற்ற ஆய்வின் உட்பிரிவில் கிடைத்தது இது. சிஆர்பி கூடியவர்களை மட்டும் எடுத்து மறுபடி ஓர் ஆய்வு நடத்தி அதே முடிவு வந்தால்தான் சிகிச்சை என்று சொல்லலாம்.

நுண்குழாய் வளர்ப்புக்கு மனிதரில் ஓரளவு சாதகமான சான்று ஆஞ்சைனாவில்தான் இருக்கிறது. எந்த மருந்துக்கும் அடங்காத நெஞ்சுவலியுள்ள 167 பேரை எடுத்தார்கள். ஜி-சிஎஸ்எஃப் ஊசி சில நாள் போட்டு சிடி34 செல்களை ரத்தத்துக்கு இறக்கி, கிலோவுக்கு ஒரு லட்சம் வீதம் தசையில் செலுத்தினார்கள். 6 மாதத்தில் வாரத்துக்கு 10.9 தடவை வலி போலிக் குழுவில், 6.8 தடவை செல் குழுவில். ஐந்து மடங்கு டோஸ் கொடுத்தவர்களுக்கு அதைவிடப் பலன் கூடவில்லை. அடுத்து வந்த பெரிய ஆய்வு 112 பேரோடு பாதியில் நின்றது. வலி வேறு, பம்பிங் வேறு. விளம்பரங்கள் இரண்டையும் கலந்துவிடுகின்றன.

---

மருந்துச்சீட்டு:

சட்டமும் நடைமுறையும். இந்தியாவில் ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 வழிகாட்டுதல்படி, ரத்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்று போன்ற அங்கீகரிக்கப்பட்டவற்றைத் தவிர மற்ற ஸ்டெம் செல் பயன்பாடு எல்லாம் ஆய்வுதான். ஆய்வு என்றால் நெறிமுறைக் குழு அனுமதி, சிடிஆர்ஐ (மருத்துவ ஆய்வுகளின் தேசியப் பதிவேடு) பதிவெண் இரண்டும் இருக்க வேண்டும். வளர்த்தெடுத்த செல் என்றால் 2019 விதிகளின்படி அது புதிய மருந்து, மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதியும் வேண்டும். ஆய்வில் சேருபவரிடம் செல்லுக்குக் காசு வாங்கக் கூடாது. ஆய்வால் பாதிப்பு வந்தால் இலவச மருத்துவமும் இழப்பீடும் உண்டு. காசு கேட்கிறார்கள் என்றால் அது ஆய்வு அல்ல. ஹார்ட் ஃபெயிலியருக்கு அது அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சையும் அல்ல.

"இந்தியாவில் ரத்தக்குழாய்க்கு ஸ்டெம் செல் அனுமதி ஆகிவிட்டதே" என்பார்கள். ஸ்டெம்ப்யூசெல் என்ற செல் மருந்துக்கு 2020ல் கிடைத்த அனுமதியைத்தான் சொல்கிறார்கள். அது பர்ஜர் நோயாலும் (கை கால் ரத்தக்குழாய்கள் அழற்சியால் அடைபடும் நோய்) தமனி அடைப்பாலும் கால் அழுகும் நிலைக்குப் போனவர்களுக்கு, கால் தசையில் போடும் ஊசி. இதயத்துக்கு அல்ல.

ஜப்பான் அனுபவமும் தெரிந்திருக்க வேண்டும். தொடைத் தசையிலிருந்து வளர்த்த ஹார்ட்ஷீட் என்ற செல் படலத்துக்கு 2015ல் நிபந்தனையோடு அனுமதி கொடுத்தார்கள். பலனைக் காட்டப் பல ஆண்டு அவகாசமும் கொடுத்தார்கள். காட்ட முடியாததால் 2024ல் நிபுணர் குழு முழு அனுமதிக்குத் தகுதியில்லை என்றது.

உங்கள் உதாரண நோயாளிக்கு இன்று உயிர்நீட்டிப்பு நிரூபணமான விஷயங்கள் வேறு இடத்தில் இருக்கின்றன. சீட்டை எடுத்துப் பாருங்கள்: சாகுபிட்ரில்-வால்சார்டன், பீட்டா பிளாக்கர், ஸ்பைரோனோலாக்டோன் அல்லது எப்லெரெனோன், டாபாகிளிஃப்ளோசின் அல்லது எம்பாகிளிஃப்ளோசின். நான்கும் இருக்கிறதா? டோஸ் தாங்கும் அளவுக்கு ஏற்றப்பட்டிருக்கிறதா, அல்லது டிஸ்சார்ஜ் அன்று எழுதிய குறைந்த டோஸிலேயே நிற்கிறதா? பெரும்பாலும் கோளாறு இங்கேதான். இரும்புச்சத்து அளவைக் காட்டும் ஃபெரிட்டின் பார்த்தார்களா? மூன்று மாதம் முழு மருந்துக்குப் பிறகும் ஈஎஃப் 35ஐத் தாண்டவில்லை என்றால் ஐசிடி (ஆபத்தான துடிப்பை ஷாக் கொடுத்து நிறுத்தும் கருவி) பற்றிப் பேசினார்களா? ஈசிஜியில் எல்பிபிபி (இடப்பக்க மின்பாதை அடைப்பு) இருந்து க்யூஆர்எஸ் அகலம் 150 மில்லிவினாடிக்கு மேல் என்றால் சிஆர்டி (இரு பக்கத்தையும் ஒன்றாகத் துடிக்க வைக்கும் பேஸ்மேக்கர்)? வயதும் மற்ற உறுப்புகளும் இடம் கொடுத்தால் இதய மாற்றுக்கு மதிப்பீடு? தமிழ்நாட்டில் அதற்கான பதிவு டிரான்ஸ்டான் (மாநில உறுப்பு மாற்று ஆணையம்) வழியாக.

ஸ்டெம் செல் போடுவதற்காக இந்த மருந்துகளை நிறுத்தச் சொன்னால் உடனே எழுந்து வந்துவிடுங்கள். எந்த நல்ல ஆய்விலும் செல் போட்டவர்கள் மருந்தை விட்டதில்லை.

---

கேத்லேப்காரர்:

ஒன்று விட்டுப்போனது. ஆய்வில் சேருவதாக முடிவெடுத்தால், முந்தைய எக்கோவும் ஆஞ்சியோவும் அறிக்கைத் தாளாக மட்டும் இல்லாமல் படம் பதிந்த சிடி வட்டாகவும் கையில் இருக்கட்டும். ஈஎஃப் 28 என்பதைக் கண்ணால் மதிப்பிட்டார்களா, சிம்ப்சன் முறையில் (அறையின் ஓரத்தை வரைந்து கொள்ளளவைக் கணக்கிடுவது) அளந்தார்களா என்று தாளில் இருக்காது. ஆறு மாதம் கழித்து 34 என்று வந்தால், இரண்டு சிடியையும் ஒரே ஆளிடம், எது முந்தியது என்று சொல்லாமல் கொடுத்து அளக்கச் சொல்லுங்கள்.